கட்டிலுக்கு அடியில் ஒரு சிலிண்டர்

அழுத்தச் சிலிண்டர் வாங்காமல் மீன்தொட்டியில் செடி வளர்க்க முடியாது என்று ஊவாவின் தோட்டப்புற இளைஞர்களிடம் சிலர் சொல்லி வருகிறார்கள். இது பொய். வெறும் வியாபாரப் பொய்யாக இருந்தால் நான் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். வியாபாரி பொய் சொல்வதும் வாங்குபவன் ஏமாறுவதும் சந்தை தோன்றிய நாளிலிருந்து நடப்பவை. ஆனால் இந்தப் பொய்யை நம்பிக் கடன் வாங்கப்போகிறவர் லயத்தில் வசிப்பவர். சிலிண்டர் போய் நிற்கப்போவதும் பிள்ளைகள் படுத்துறங்கும் அறையில்தான். அதனால் எழுத வேண்டியிருக்கிறது.

பதுளை நகரில் நடந்த ஒருநாள் சுயதொழில் வகுப்பொன்றில் பின்வரிசையில் அமர்ந்திருந்தேன். நடத்தியவர் யார், அனுப்பியது எந்த நிறுவனம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். பசறை, லுணுகலை, ஹாலிஎல, மடூல்சீமைப் பக்கங்களிலிருந்து இளைஞர்கள் வந்திருந்தனர். பாதிக்கு மேல் பெண்கள். நீர்த்தாவரங்களை வளர்த்து விற்று வருமானம் பெறுவது எப்படி என்பது தலைப்பு. நல்ல தலைப்புத்தான். முதல் அரைமணி நேரத்தில் செடிகளின் படங்கள் காட்டப்பட்டன. எஞ்சிய நேரம் முழுவதும் சிலிண்டர், ரெகுலேட்டர், மின்வால்வு, கண்ணாடி டிஃபியூசர், குமிழி எண்ணும் குழல் என்று சாமான்களின் அணிவகுப்பு. இறுதியில் தவணைமுறைப் படிவமும் வந்தது.

ஓர் இளைஞர் எழுந்து, "சேர், எங்க லயத்துல ரெண்டே ரெண்டு அறைதான். சிலிண்டர எங்க வைக்கிறது?" என்று கேட்டார். "கட்டிலுக்கு அடியில வச்சிக்கலாம், தம்பி. எடமே பிடிக்காது" என்று பதில் வந்தது. சிலர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தோட்ட லயத்தின் பழைய அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. உயரம் எட்டடி என்று கொண்டால் 960 கன அடி, அதாவது சுமார் 27 கனமீற்றர் காற்று. 2 கிலோ காபனீரொட்சைட்டு (தமிழகத்தார் கரியமில வாயு என்பர், ஒன்றேதான்) வாயுவாக விரிந்தால் சுமார் 1.1 கனமீற்றர். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 4 சதவீதம் வருகிறது. அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு, சுகாதார தேசிய நிறுவனம் காபனீரொட்சைட்டு விடயத்தில் "உயிருக்கு உடனடி ஆபத்து" என்று வகுத்திருக்கும் அளவு 40,000 பிபிஎம். அதுவும் 4 சதவீதமே. எட்டுமணி நேர வேலைக்கு அனுமதிக்கப்படும் சராசரி அளவோ 5,000 பிபிஎம், அதாவது அரைச் சதவீதம்.

மெதுவாகக் கசிந்தால் கூரை இடுக்கு வழியே போய்விடாதா என்று கேட்கலாம். போய்விடும். நான் அஞ்சுவது மெதுவான கசிவுக்கன்று. அறை வெப்பநிலையில் அந்தச் சிலிண்டருக்குள் ஏறத்தாழ 60 வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. உள்ளே இருப்பது பெரும்பாலும் திரவம். 31 பாகை செல்சியசைத் தாண்டினால் திரவம், வாயு என்ற வேறுபாடு மறைந்து அழுத்தம் விறுவிறுவென்று ஏறும். நிரம்ப அடைத்த சிலிண்டரென்றால் இன்னும் மோசம். அதற்காகவே வால்வில் ஒரு மெல்லிய பாதுகாப்புத் தகடு வைத்திருக்கிறார்கள். அழுத்தம் எல்லை மீறினால் அது கிழிந்து வாயு முழுவதையும் சில நிமிடங்களில் கொட்டிவிடும். லயத்தில் படுக்கையறைக்கு அடுத்தது விறகடுப்பு. மேலே தகரக் கூரை. குளிர்ந்து கொட்டும் காபனீரொட்சைட்டு காற்றைவிடக் கனமானது. நிறமும் மணமும் அற்றது. முதலில் தரைமட்டத்தில்தான் தேங்கும். லயத்தில் எல்லோருக்கும் கட்டில் கிடையாது. பிள்ளைகள் பாயில் படுக்கிறார்கள்.

தீயணைப்புக் கருவியின் பழைய சிலிண்டரை மாற்றியமைத்துத் தருகிறோம் என்ற மலிவுப் பதிப்பும் உண்டு. கடைசியாக அழுத்தச் சோதனை செய்த திகதி அதன் கழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டால் விற்பவர் உங்களை வேற்றுக்கிரகவாசியைப் போல் பார்ப்பார்.

இது நிற்க. சிலிண்டர் எதற்காக என்ற அடிப்படைக்கு வருவோம். அந்த வகுப்பில் யாரும் சொல்லாதது அதுதான்.

செடி ஒளிச்சேர்க்கைக்குக் காபனீரொட்சைட்டை உண்கிறது. காற்றோடு சமநிலையில் இருக்கும் 25 பாகை நீரில் லீற்றருக்குச் சுமார் 0.6 மில்லிகிராம் காபனீரொட்சைட்டு கரைந்திருக்கும். ஒரு லீற்றர் காற்றில் இருப்பதும் ஏறத்தாழ அதே அளவுதான். அப்படியானால் நிலத்துச் செடி கொழிக்க, நீருக்குள் இருக்கும் செடி மட்டும் ஏன் ஏங்குகிறது? வாயு நீருக்குள் பரவும் வேகம் காற்றில் பரவும் வேகத்தைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. இலையைச் சுற்றி அசையாமல் ஒட்டியிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் உள்ள வாயுவை இலை உண்டு தீர்த்துவிடுகிறது. அடுத்த கவளம் வந்து சேர நேரமாகிறது. பசிக்குக் காரணம் சோறின்மையைவிடப் பரிமாறுபவரின் தாமதமே. அதனால்தான் தொட்டி வளர்ப்போர் நீரில் 15 முதல் 30 மில்லிகிராம் வரை காபனீரொட்சைட்டை ஏற்றி வைக்கிறார்கள். அதனால்தான் தொட்டிக்குள் மெல்லிய நீரோட்டம் இருப்பது எந்த டிஃபியூசரையும்போல முக்கியமானது.

இப்போது அளவைப் பாருங்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில் 56 லீற்றர் நீர். லீற்றருக்கு 25 மில்லிகிராம் என்று வைத்தால் மொத்தத் தொட்டிக்கும் 1.4 கிராம். ஆம், ஒன்றரைக் கிராமுக்கும் குறைவு. இதற்குத்தான் 2 கிலோவைக் கட்டிலுக்கு அடியில் வைக்கச் சொல்கிறார்கள்.

200 கிராம் சீனியை ஒரு சோடாப் போத்தல் நீரில் கரைத்து ஈஸ்ட் இட்டால் முழுவதும் நொதித்து முடிவதற்குள் கணக்குப்படி சுமார் 100 கிராம் காபனீரொட்சைட்டு வெளியாகும். பாதி வீணானாலும் இரண்டு, மூன்று வாரங்களுக்கு நாளொன்றுக்கு இரண்டு கிராமுக்கு மேல் கிடைக்கும். ஒரு விபத்தில் அந்த 100 கிராமும் ஒரே கணத்தில் அறைக்குள் வந்தாலும் காற்றில் 0.2 சதவீதம்தான். (லயத்தில் சீனியும் ஈஸ்ட்டும் நொதிக்கும் போத்தலைப் பார்த்தால் கசிப்புக் காய்ச்சுகிறார்கள் என்று பொலிசுக்குச் சொல்ல ஆளிருக்கும். தொட்டியைக் காட்டுங்கள். மீனைக் காட்டுங்கள்.)

குறைகளும் உண்டு, மறைக்கவில்லை. ஈஸ்ட் குளிருக்குச் சோம்பும். பதுளை நகரில் ஒழுங்காகக் குமிழி விடும் போத்தல் ஹப்புத்தளையின் மார்கழி இரவில் உறங்கிவிடும். முதல் வாரம் பாய்ந்து வரும். மூன்றாம் வாரம் தேய்ந்துபோகும். இரவில் நிறுத்த முடியாது. இருட்டில் செடியும் வாயுவை வெளிவிடுவதால் அதிகாலையில் மீன் மேற்பரப்புக்கு வந்து வாய் பிளந்தால் நீரின் மேற்பரப்பைச் சற்றுக் கலக்கிவிட வேண்டும். கண்ணாடிப் போத்தல் கூடவே கூடாது. குழல் அடைத்துக்கொண்டால் வெடிக்கும். சோடா வந்த பிளாஸ்டிக் போத்தலே போதும். நுரையைப் பிடிக்க இடையில் இன்னொரு சிறு போத்தலும், தொட்டி நீர் பின்வாங்காமலிருக்க ஒருவழி வால்வும் வேண்டும். இவ்வளவுதான் சாமான். எலுமிச்சை அமிலத்தையும் அப்பச்சோடாவையும் கலந்து வாயு எடுக்கும் முறையும் உண்டு. குளிர் அதைப் பாதிக்காது, செலவு சற்றுக் கூடும்.

வாயு எங்கிருந்து வருகிறது என்பதைவிட அது எப்படிக் கரைகிறது என்பதில்தான் இந்தக் கலையின் நுட்பம் இருக்கிறது. ஒரு குமிழி மேலே ஓடிப்போய் உடைந்தால் அதிலிருந்த வாயு அறைக்குத்தான் சொந்தம். அதைத் தடுக்க இரண்டே வழிகள். குமிழியைச் சிறிதாக்குவது ஒன்று: விட்டம் பாதியானால் கொள்ளளவுக்கான மேற்பரப்பு இருமடங்காகும், மேலேறும் வேகமும் குறையும். நீரோடு தொட்டுக்கொண்டிருக்கும் நேரத்தை நீட்டுவது மற்றது. சந்தையில் விற்கும் அத்தனை கருவிகளும் இவ்விரண்டின் வேடங்களே.

கண்ணாடிக்குள் செராமிக் வட்டுப் பதித்த டிஃபியூசர் முதல் வழியைச் சேர்ந்தது. பார்க்க அழகு. ஜப்பானியரான தகாஷி அமானோ (1954–2015) தம் தொட்டிகளாலும் புகைப்படங்களாலும் உலகெங்கும் பரப்பிய அழகியலின் சின்னம் அது. ஆனால் மிக நுண்ணிய வட்டின் துளைகளைத் தாண்ட ஈஸ்ட் போத்தலின் அழுத்தம் திணறும். பாசி படிந்தால் அடிக்கடி கழுவ வேண்டும். சாதாரண காற்றுக்கல்லில் வரும் குமிழி பெரிது, பெரும்பகுதி வீண்.

இரண்டாம் வழியில் மிக எளியது கவிழ்த்த கிண்ணம். ஒரு பிளாஸ்டிக் கோப்பையைத் தலைகீழாக நீருக்குள் பொருத்தி அதற்குள் வாயுவை விட்டுவிடுவது. அசையாமல் நின்று தானே கரையும். மின்சாரம் வேண்டாம், சத்தம் இல்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: காபனீரொட்சைட்டு வெளியேறும்போது நீரில் உள்ள நைதரசனும் ஒட்சிசனும் கிண்ணத்துக்குள் புகும். சில நாட்களில் கிண்ணம் நிறைய வாயு இருப்பதுபோல் தோன்றும். அது பெரும்பாலும் வெறும் காற்று. சாய்த்து வெளியேற்றிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். கிண்ணம் வேலை செய்யவில்லை என்று கைவிட்ட பலரும் இதைச் செய்யாதவர்களே.

இன்னொன்று, சிறிய வடிகட்டி மோட்டர் இருப்பவர்களுக்கு: வாயுக் குழலை அதன் உறிஞ்சும் வாயருகே வைத்தால் உள்ளே சுழலும் விசிறி குமிழியைத் தூளாக்கித் தொட்டி முழுவதும் எறியும். அதிலும் நல்லது, மோட்டர் நீரை ஒரு நெடிய போத்தலின் மேலிருந்து கீழாகத் தள்ளி, அடியில் வாயுவை விடுவது. குமிழி மேலேற முயலும், நீர் கீழே தள்ளும். கரையும்வரை அதற்கு விடுதலை இல்லை. கடையில் இதற்கு ரியாக்டர் என்று பெயர். வீட்டில் பழைய தண்ணீர்ப் போத்தலே ரியாக்டர். விலையுயர்ந்த கண்ணாடியைவிட இது கரைக்கும் திறனில் மேல் என்பதே என் துணிபு.

இனி நீர். குமிழியை எண்ணி அளவு சொல்லும் வழக்கத்தை நான் நம்புவதில்லை; குமிழிக்குக் குமிழி பருமன் வேறு. காபனேற்றுக் கடினத்தன்மை, அமிலத்தன்மை இரண்டையும் அளந்தால் வாயுவின் அளவைக் கணிக்கலாம்: கடினத்தன்மை 4 பாகை, பிஎச் 6.6 என்றால் லீற்றருக்குச் சுமார் 30 மில்லிகிராம். இந்த இடத்தில்தான் மலைநாட்டுக்கென்று ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. பாறை மலைகளிலிருந்து இறங்கும் ஓடைநீர் பொதுவாக மென்மையானது. அதில் சிறிதளவு வாயுவே பிஎச்சைச் சரசரவென்று இறக்கிவிடும். ஆனால் பதுளை மாவட்டத்தில் பளிங்குப்பாறைப் பட்டைகளும் ஓடுகின்றன. அங்கே ஊறும் நீர் கடினமானது. ஒரு தோட்டத்துக்குச் சரியான அளவு பக்கத்துத் தோட்டத்து மீனைக் கொல்லலாம். கொழும்பில் அச்சிட்ட ஒரே அட்டவணையை எல்லோர் கையிலும் கொடுத்து "வினாடிக்கு இரண்டு குமிழி" என்று சொல்லி அனுப்புவது பயிற்சியாகாது. கடினநீர் கிடைப்பவர் வலிஸ்னேரியாவையும் ஹைட்ரில்லாவையும் வளர்க்கலாம். அவை நீரில் கரைந்துள்ள இருகாபனேற்றிலிருந்தே காபனை எடுக்க வல்லவை.

சிலிண்டரை நான் முழுதாக வெறுக்கிறேன் என்று எண்ண வேண்டாம். நான்கடித் தொட்டி, சிவப்புச் செடிகள், தரைவிரிப்புப்போல் படரும் புல்வகை, பலமான விளக்கு, காற்றோட்டமுள்ள கூடம், மாதாந்தச் சம்பளம் எல்லாம் உள்ளவருக்கு அதுவே சிறந்தது. நேரக்கட்டுப்பாட்டோடு மின்வால்வு போட்டு இரவில் நிறுத்தலாம். அளவு சீராக இருக்கும். (அதிலும் மலிவான ஒற்றைப்படி ரெகுலேட்டர்கள் சிலிண்டர் தீரும் வேளையில் மிச்ச வாயுவை ஒரேயடியாகத் தள்ளி மீன்களைக் கொல்லும் கதை எல்லாத் தேசத்திலும் உண்டு.) தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல்தான் 1,000 ரூபாயானது, 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயாக உயர்த்தப்பட்டது. முழு சிலிண்டர்த் தொகுதியோ பல வாரச் சம்பளத்தை விழுங்கும். நுண்கடனால் தோட்டங்களிலும் கிராமங்களிலும் எத்தனை பெண்கள் அலைக்கழிந்தார்கள் என்பதைப் பத்திரிகைக்காரனாக எழுதிச் சலித்தவன் நான். இன்னொரு தவணைப் புத்தகத்தைத் தொட்டிச் செடியின் பெயரால் அவர்கள் கையில் திணிக்காதீர்கள்.

எல்லாவற்றிலும் என்னைச் சினங்கொள்ள வைத்தது வேறு. அந்த இளைஞர்கள் வந்தது வரவேற்பறையில் அழகுத்தொட்டி வைப்பதற்காக அன்று. செடி வளர்த்து விற்பதற்காக. விற்பனைக்கு வளர்ப்பவருக்குச் சிலிண்டர் மட்டுமன்று, சீனிப் போத்தல்கூடத் தேவையில்லை! உலகின் பெரிய நீர்த்தாவரப் பண்ணைகள், டென்மார்க்கின் ட்ரோபிகா உட்பட, பெரும்பாலான செடிகளை நீருக்கு வெளியே இலை நீட்டித்தான் வளர்க்கின்றன. வேர் ஈரத்தில், இலை ஈரப்பதமான காற்றில். காற்றில் 10,000 மடங்கு வேகமாக வாயு பரவும்போது எதற்குச் சிலிண்டர்? தொட்டிக்குள் வைத்ததும் பழைய இலை கருகி, நீருக்குரிய புதிய இலை வரும். வாங்குவோருக்கு அது தெரியும். நிழல்வலை, பொலித்தீன் கூடாரம், காலை மாலை தண்ணீர் தெளிக்க ஒரு வாளி. ஊவாவில் இதைத் தெரியாத தோட்டத் தொழிலாளி உண்டா? தேயிலை நாற்றுமேடையில் வெட்டுத்துண்டை வேர்பிடிக்க வைப்பது இதே கைவேலைதான். தலைமுறை தலைமுறையாய்க் கையில் இருக்கும் வித்தையைச் சொல்லித்தராமல், கையில் இல்லாத காசுக்குச் சாமான் விற்கிறார்கள்.

வளர்ப்பதற்குரிய செடிகளும் நம் தீவினுடையவையே. கிரிப்டோகொரைன் வெண்டியை, பெக்கெட்டியை, வாக்கெரி, பார்வா எல்லாம் இலங்கைக்கே உரியவை. உலகெங்கும் வரவேற்பறைகளில் வளர்பவை. வெண்டியை என்பது அல்பேர்ட் வெண்ட் என்ற ஜெர்மானியத் தொட்டி வளர்ப்பாளரின் பெயரால் வந்தது; 1958இல் அந்தப் பெயரைச் சூட்டிய டி விட் நெதர்லாந்தின் தாவரவியலாளர். நம் ஓடைச்செடிக்கு அந்நியப் பெயர் வந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மரநிழலின் மங்கலில், வாயு ஏற்றாமலே மெதுவாக வாழப் பழகிய அந்தச் செடியை வளர்க்கவும் சிலிண்டர் வேண்டும் என்று நமக்கே பாடம் நடத்துவதைப் பொறுத்துக்கொள்வது கடினம். குளிர் மிகுந்த மேட்டுத் தோட்டங்களில் இவை தளரும். பசறை, லுணுகலை, பதுளையைச் சுற்றிய பகுதிகள் ஏற்றவை. தாய்ச்செடியைப் பண்ணையிலிருந்து வாங்குங்கள். ஓடையில் பிடுங்காதீர்கள், இந்த இனத்தின் பல வகைகள் அழிவின் விளிம்பில் நிற்கின்றன.

மண் எடுக்கும்போதும் ஒரு கவனம் வேண்டும். 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலைக்கு வந்த பிறகு பல்லாண்டுகள் செம்பு கலந்த மருந்து அடித்திருக்கிறார்கள். செம்பு மண்ணில் தங்கும். தொட்டிக்குள் போனால் நத்தையும் இறாலும் மடியும். தேயிலை மலையின் மண்ணை விட்டுவிட்டு, மருந்து படாத வீட்டுத்தோட்ட மண்ணை எடுத்து மேலே மணல் பரப்புங்கள். அந்த மண்ணில் மக்கும் சருகு வெளிவிடும் காபனீரொட்சைட்டே சிறு தொட்டியின் பாதித் தேவையை ஈடுசெய்யக்கூடும். அமெரிக்கரான டயானா வால்ஸ்டாட் 1999இல் எழுதிய நூல் முழுவதும் இதைத்தான் விளக்குகிறது.

உண்மையில் இது இன்னும் பழையது. 1850இல் லண்டன் இரசாயனவியலாளர் ரொபேர்ட் வாரிங்டன் இரண்டு தங்கமீன், கொஞ்சம் வலிஸ்னேரியா, சில நத்தைகள் ஆகியவற்றை ஒரு கண்ணாடித் தொட்டியில் விட்டு, மீன் விடும் வாயுவால் செடியும் செடி விடும் ஒட்சிசனால் மீனும் வாழ்வதைக் காட்டினார். அதற்குச் சற்று முன்தான் நதானியல் வார்ட் என்ற மருத்துவர் கண்டுபிடித்த மூடிய கண்ணாடிப்பெட்டி கப்பலேறத் தொடங்கியிருந்தது. ரொபேர்ட் போர்ச்சூன் சீனத்துத் தேயிலைக் கன்றுகளை இந்தியாவுக்குக் கொண்டுபோனது அந்தப் பெட்டிகளில். தேயிலையும் மீன்தொட்டியும் ஒரே கண்ணாடிக்குப் பிறந்த அண்ணன் தம்பிகள் என்று சொன்னால் தவறில்லை. தம்பியாவது நம்மைக் கடனாளியாக்காமல் இருக்கட்டும்.

பதுளை பசறை வீதியில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. 2005இல் தொடங்கப்பட்டது, நீர்வள தொழில்நுட்பத்தில் பட்டப்படிப்பே நடத்துகிறது. அவர்களிடம் நான் கேட்பது தமிழில் நான்கு பக்கக் கையேடு. எந்தப் பிரதேசத்து நீர் எவ்வளவு கடினம், நீருக்கு வெளியே கிரிப்டோகொரைன் வளர்ப்பது எப்படி, கவிழ்த்த கிண்ணம் செய்வது எப்படி. வகுப்பு நடத்துவோரிடம் கேட்பது அதனினும் சிறியது: சிலிண்டர் விற்கும்போது அறையின் நீள அகலத்தைக் கேளுங்கள், அதே அறையில் யார் உறங்குகிறார்கள் என்று கேளுங்கள். விடையைத் தவணைப் படிவத்திலேயே எழுதிக் கையொப்பமிடுங்கள்.